தூண்டில் நரம்பும் சில சொற்களும்

நம் கவிதைகளில் கடல் வெகு சுலபமாக வந்துவிடுகிறது. 1959இல் 'எழுத்து' தொடங்கியதிலிருந்து பார்த்தால், புதுக்கவிதை எழுதியவர்களில் ஒரு கடல் கவிதையாவது எழுதாதவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். கடல் என்று எழுதியதும் எல்லையின்மை வந்துவிடுகிறது. அலை என்றதும் மனம். கரை என்றதும் மரணமோ மீட்சியோ ஏதோ ஒன்று. எழுதுகிறவன் இதற்காக எதையும் செலவழிக்க வேண்டியதில்லை, வாசகனும் அப்படியே. இரண்டு பேருக்கும் முன்பே தெரிந்த ஒன்றை இரண்டு பேரும் தலையசைத்து ஒப்புக்கொள்வதோடு காரியம் முடிந்துவிடுகிறது. இதைப் படிமம் என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

இந்தக் குறையை அனுபவக் குறைவு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவதும் நம் விமர்சனத்தின் பழக்கம். கடலைப் பற்றி எழுத மீனவனாகப் பிறந்திருக்க வேண்டும் என்கிற மாதிரி ஒரு வாதம். இதிலும் எனக்கு உடன்பாடில்லை. அனுபவத்தை ஏதோ வங்கியில் போட்டுவைத்த பணம் போலவும், இருப்பு அதிகம் உள்ளவன் நல்ல கவிதை எழுதுவான் என்பது போலவும் பேசுகிறோம். அனுபவம் எந்தச் சமயத்தில் சொல்லாகிறது, எதனால் ஆகிறது என்பது வேறு கேள்வி. அதைப் பற்றி யோசிக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது உதவியாக இருந்தது. அதை முன்வைத்துச் சிலவற்றைச் சொல்லிப்பார்க்கலாம்.

2023 ஜனவரி நடுவில், இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், கென்ட் மாவட்டத்தில் டஞ்சனெஸ் என்ற முனையின் கரையிலிருந்து தூண்டில் போட்ட மாலை அது. கூட வந்தவர் மயிலிட்டிக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன், அவர் என்னைத் தம்பி என்பார். 1990இல் யாழ்ப்பாணத்தின் அந்த வடகரை சனங்கள் இல்லாமல் உயர் பாதுகாப்பு வலயமாகிப்போனபோது வெளியேறியவர்களில் ஒருவர். அந்த ஊரின் துறைமுகம் 2017 ஜூலையில்தான் மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அவர் டஞ்சனெஸ்ஸுக்கு ஒரு மணி நேர தூரத்தில் வசிக்கிறார். குளிர்காலத்தில் மாதம் இரண்டு தடவையாவது இந்தக் கரைக்கு வந்துவிடுவார்.

டஞ்சனெஸ் மணற்கரையல்ல. ஐரோப்பாவின் பெரிய கூழாங்கல் பரப்புகளில் ஒன்று. மேற்குப் பக்கத்துக் கற்களைக் கடல் அரித்துக் கிழக்குப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதனால் முனை ஓரிடத்தில் நிலைப்பதில்லை. நூற்றாண்டுகளாக மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒன்று மாற்றி ஒன்றாகக் கலங்கரை விளக்கங்கள் கட்டியிருக்கிறார்கள். 1904இல் திறந்த விளக்கம் கறுப்பு வர்ணம் பூசிய கோபுரமாக இன்னும் நிற்கிறது, வேலையில்லாமல். பக்கத்தில் எழும்பிய அணுமின் நிலையம் அதன் வெளிச்சத்தை மறைத்துவிடும் என்று 1961இல் வேறொன்று கட்டினார்கள். அந்த நிலையத்தின் முதல் பகுதி 1965இலிருந்து 2006 வரை ஓடியது. இரண்டாவது பகுதி 1983இல் மின்சாரம் தர ஆரம்பித்து 2018இல் நின்றது. இனி ஓடாது என்று 2021இல் அறிவித்தார்கள். நிலையத்தின் அடிமானத்தைக் கடல் தின்றுவிடாமல் இருக்க, கிழக்கில் சேரும் கற்களை லாரிகளில் ஏற்றி மேற்கில் கொட்டுவது பல ஆண்டுகளாக நடந்துவந்த வேலை. கடல் ஒரு பக்கமாகக் கொண்டுபோவதை லாரி மறுபக்கமாகக் கொண்டுவருகிறது. இதைப் பற்றி ஒரு கவிதை எழுதிவிடலாம் என்று எனக்கே கை துறுதுறுத்தது. எழுதாமல் விட்டது நல்லதுதான்.

அந்தக் கற்பரப்பில் வேலிகள் கிடையாது. தார் பூசிய மரவீடுகள் அங்கங்கே இறைந்து கிடக்கின்றன. ஒன்றில் சினிமா இயக்குநர் டெரெக் ஜார்மன் வசித்தார். மீனவர் வீடாக இருந்ததை வாங்கினார். 1986 கடைசியில்தான் அவருக்கு ஹெச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தது. 1994 பிப்ரவரியில் இறந்தார். கரையில் ஒதுங்கிய மரக்கட்டை, துருப்பிடித்த சங்கிலி, துளை விழுந்த கற்கள், இவற்றுக்கிடையில் உப்புக்காற்றைத் தாங்கக்கூடிய செடிகள் என்று அவர் போட்ட தோட்டம் இப்போது பிரசித்தம். 2020இல் பொதுமக்களிடம் பணம் திரட்டி வீட்டைக் காப்பாற்றினார்கள். அதன் ஒரு பக்கச் சுவரில், ஜான் டன் சூரியனைக் கடிந்துகொண்டு பாடிய காதல் கவிதையின் வரிகள் மரத்தில் வெட்டிய எழுத்துகளாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. படுக்கையில் கிடக்கும் காதலர்களை வந்து எழுப்பாதே என்று சூரியனை விரட்டும் கவிதை. ஜனவரியில் சூரியன் யாரும் விரட்டாமலே மாலை நாலு மணிக்குச் சற்றுப் பிந்திப் போய்விடுகிற ஒரு கரையில் அதைப் படித்துவிட்டுத்தான் தூண்டில் போட வேண்டும்.

ஜார்மனின் நாட்குறிப்பு 1991இல் 'மாடர்ன் நேச்சர்' என்ற பெயரில் வந்தது. அதில் செடிகளின் பெயர்களும் நண்பர்களின் சாவும் தன் உடம்பின் சேதியும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. செடி எதுவும் நோய்க்குக் குறியீடாக நிற்பதில்லை. அதது தன் பெயரோடு, தன் பருவத்தோடு, காற்றில் கருகியதா தப்பியதா என்ற கணக்கோடு இருக்கிறது. சாகப்போகிற ஒருவர் கடலோரத்தில் எழுதிய புத்தகத்தில் கடல் மரணமாகாமல் இருப்பது சின்ன விஷயமில்லை. அந்தக் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்று எனக்குப் பல நாள் யோசனை. தோட்ட வேலையிலிருந்து வந்தது என்றுதான் இப்போது படுகிறது.

தூண்டில் போடுவதும் ஒரு வேலைதான். அது என்னவென்று சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். நம் ஊர்க் கரையில் கைத்தூண்டில், வீச்சுவலை, கரைவலை என்று பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் புதிதாக இருக்கும். கோல் பதின்மூன்று அடி. நரம்பு மில்லிமீட்டரில் மூன்றிலொரு பங்கு கனம். நான் நரம்பு என்பேன்; அவர் தங்கூசி என்பார். முனையில் 140 அல்லது 150 கிராம் ஈயக்கட்டி. அதிலிருந்து நகங்கள் மாதிரி நாலு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். கடலடியில் அவை ஊன்றிக்கொண்டால்தான் நீரோட்டம் ஈயத்தை உருட்டிக்கொண்டு போகாது. மெல்லிய நரம்பின் தலைப்பில் சில கஜ தூரத்துக்குத் தடித்த நரம்பைப் பிணைக்க வேண்டும். ஈயம் ஓர் அவுன்ஸ் என்றால் நரம்பு பத்து பவுண்டு தாங்க வேண்டும் என்பது இங்குள்ள கணக்கு. வீசும்போது அறுந்தால் ஈயக்கட்டி துப்பாக்கிக் குண்டு மாதிரி போகும், ஆளைக் கொன்றுவிடும்.

இரை, வற்றிய கடலின் மணலைக் கிளறி எடுத்த புழு. லக் என்கிறார்கள். நம் மண்புழுவைவிடத் தடிமன். ஊசியால் முள்ளில் ஏற்றும்போது மஞ்சளாக ஒரு சாறு விரலில் ஒட்டும். சோப்புக்கு அசையாது. இரண்டு மூன்று நாள் அந்த மஞ்சளோடுதான் ஆபீஸில் கையெழுத்துப் போட வேண்டும்.

அன்று வடகிழக்கிலிருந்து காற்று. உஷ்ணமானி இரண்டு டிகிரி காட்டியது. கரையில் நின்ற முதல் நிமிஷத்தில் அண்ணன் சொன்னது: "வாடை." அவ்வளவுதான். மயிலிட்டிக் கரை வடக்கு பார்த்தது. அங்கே மார்கழி, தையில் வாடை நேராக முகத்தில் வந்து அடிக்கும், கடல் கலங்கும். ஆனால் அங்கே வாடை இப்படிக் குளிராது. சங்கக் கவிதையில் வாடைக்கு இருக்கிற கொடுமையை நான் பாடப்புத்தகத்து விஷயமாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல் அதன் முழுக் கனத்தோடு எனக்குக் கிடைத்தது, அதைச் சொல்லிய தமிழர் ஒருவரும் வாழ்ந்திராத ஒரு கரையில். சொல்லுக்குச் சொந்த ஊர் உண்டு என்று நாம் சொல்வதெல்லாம் எந்த அளவுக்குச் சரி என்று தெரியவில்லை.

நீரேற்றம் தொடங்கி இரண்டு மணி நேரமாகியிருந்தது. இந்தக் கடலில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஆறு மீட்டரைத் தாண்டும். "எங்கட கடல் ஒரு முழம்தான் தம்பி ஏறி இறங்கும். உது வீட்டு முகட்டளவுக்கு ஏறுது" என்பார். அதனால் இங்கே எல்லாம் நேரக் கணக்கு. எத்தனை மணிக்கு ஏறும், எப்போது ஓட்டம் நிற்கும், எப்போது திரும்பும். அட்டவணை பார்க்காமல் வருகிறவனுக்கு மீன் கிடைப்பது தற்செயல். தன் கடலில் தெரிந்துவைத்திருந்ததில் பாதியை இங்கே மறக்க வேண்டியிருந்தது என்று ஒருமுறை சொன்னார். மறந்தது எது, மறக்காதது எது என்று நான் கேட்டேன். அவர் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். "முடிச்சு மறக்கேல்லை" என்றார்.

ஐந்து மணிக்கெல்லாம் முழு இருட்டு. அதன் பிறகு கடல் கண்ணுக்கு இல்லை. நெற்றிவிளக்கு போட்டால் நாலு கஜம் கூழாங்கல்லும் அதன் முடிவில் ஒரு வெள்ளை நுரைக்கோடும் தெரியும். தூரத்தில் கப்பல் விளக்குகள். உலகத்தில் மிக நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று அது. மற்றபடி ஓசைதான். அலை பின்வாங்கும்போது கற்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு இறங்கும் ஓசை. மணற்கரையில் வளர்ந்த காதுக்கு அது கடலின் ஓசையாகவே படுவதில்லை. யாரோ மூட்டை மூட்டையாகக் கொட்டாங்கச்சி கொட்டுகிற மாதிரி.

இந்த நிலையில் ஒருவனுக்குக் கடல் என்பது எது? கோலின் நுனியில் ஒட்டிய ஒரு துண்டு வெளிச்ச நாடா. விரலில் தொட்டுக்கொண்டிருக்கும் நரம்பு. நூறு மீட்டர் தூரத்தில், பார்க்க முடியாத ஆழத்தில் நடப்பது அந்த நரம்பு வழியாகத்தான் வந்துசேர வேண்டும். ஓட்டம் அதிகமாகிறதா, பாசி வந்து தொங்குகிறதா, ஈயம் ஊன்றலை விட்டதா, நண்டு இரையைக் கிள்ளுகிறதா, மீனா. ஆரம்பத்தில் எல்லாம் ஒரே நடுக்கமாகத்தான் இருக்கும். குளிரில் விரல் மரத்துப்போவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக வித்தியாசங்கள் பிரிந்து வருகின்றன. ஹெமிங்வேயின் கிழவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டே ஆழத்தில் மீன் என்ன செய்கிறது என்று படித்துவிடுவான். 1952இல் வந்த அந்தப் புத்தகத்தை நாம் மனித மகத்துவம், தோல்வியில் வெற்றி என்றெல்லாம் பேசித் தீர்த்துவிட்டோம். அந்தக் கயிற்றைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை.

இந்தக் கரையில் குளிர்காலத்து மீன்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று வைட்டிங். மங்கலுக்குப் பிறகு கூட்டமாக வரும். பெரும்பாலும் ஒரு சாண் இரண்டு சாண் நீளம்தான். 27 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திருப்பி விட்டுவிடுவது வழக்கம். அது கடித்தால் கோல் நுனி படபடவென்று துடிக்கும். சின்ன மீனுக்கு ஆர்ப்பாட்டம் அதிகம். மற்றொன்று காட். எடையில் வைட்டிங்கைப் போலப் பல மடங்கு. ஐரோப்பியர்கள் பல நூற்றாண்டுகளாகத் தேடித் துரத்திய மீன். ஆழமற்ற கரைக்கு அது குளிர்காலத்தில்தான் வரும். அதற்காகவே இந்தக் கடுங்குளிரில் ஆட்கள் வந்து நிற்கும் பழக்கம் ஏற்பட்டது.

காட் வந்ததை எப்படித் தெரிந்துகொள்வது என்று இங்குள்ள கிழவர்களிடமிருந்து அண்ணன் கற்றுக்கொண்டது, பிறகு எனக்குச் சொன்னது: "அவன் வந்தா இழுக்க மாட்டான், தம்பி. தங்கூசி தொய்யும். தொய்யேக்க எழும்ப வேணும்." பெரிய மீன் இரையை வாயில் எடுத்துக்கொண்டு கரைப்பக்கமாக நகரும்போது ஈயத்தின் நகங்கள் மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்கின்றன. இவ்வளவு நேரமும் விறைப்பாக இருந்த நரம்பு காரணமில்லாமல் தொங்கிவிடுகிறது. கோல் வளைவு நிமிர்ந்து நேராகிவிடுகிறது. பழக்கமில்லாதவன் நரம்பு அறுந்துவிட்டது என்று நினைத்து அலுத்துக்கொண்டே சுற்ற ஆரம்பிப்பான். தெரிந்தவன் அந்தத் தளர்வைக் கண்டதுமே ஓடிவந்து, வேகமாகச் சுற்றி, எடையைத் தொடும்வரை பின்வாங்கி நடப்பான். துடிப்பு சிறிய மீனுக்கும் தளர்வு பெரிய மீனுக்கும் குறி. இதை யாரும் யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. ஆயிரம் தடவை தவறவிட்டவர்களின் கைகள் சேர்ந்து கண்டுபிடித்தது.

அன்று கிடைத்தது வைட்டிங் நாலு. ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில். காட் வரவில்லை. முதல் மீனை முள்ளிலிருந்து கழற்றும்போது அண்ணன் சொன்னார்: "கிழங்கான் வந்திட்டுது." எனக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. கைக்கும் மீனுக்கும் இடையில் நடந்த பேச்சு அது.

கிழங்கான் நமக்குத் தெரிந்த மீன். மணலில் புதைந்துகொள்ளும், நீண்டு உருண்ட உடம்பு, வெள்ளிப் பளபளப்பு, மென்மையான வெள்ளைச் சதை, காய்ச்சலில் கிடப்பவனுக்கும் கொடுக்கலாம் என்பார்கள். வைட்டிங்குக்கும் நீண்ட உடம்பு, வெள்ளிப் பளபளப்பு, மிருதுவான வெள்ளைச் சதை. நோயாளிக்கு ஏற்றது என்று ஆங்கிலேயர்களும் சொல்லிவந்த மீன். ஆனால் விலங்கியல் கணக்கில் இரண்டுக்கும் உறவில்லை. வைட்டிங் காட் குடும்பம். கிழங்கானின் குடும்பம் வேறு, அது வெப்பக் கடல்களின் மீன். ஆகவே அவர் சொன்னது பிழை என்று ஒரு பண்டிதர் திருத்தலாம்.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், இதே பிழையை இதற்கு முன்பு எதிர்த்திசையில் ஆங்கிலேயர்கள் செய்திருக்கிறார்கள். இந்தியக் கரைகளுக்கு வந்தவர்கள் கிழங்கானைக் கண்டு அதற்கு வைட்டிங் என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்களும் அதே குடும்பத்து மீன்களை வைட்டிங் என்றே அழைத்தார்கள். இன்றும் அங்கே சந்தையில் அதுதான் பெயர். இந்திய வைட்டிங் என்ற பெயர் மீன் நூல்களில் தங்கிவிட்டது. வீட்டை விட்டு வெகுதூரம் வந்த ஒருவன் தட்டில் வந்த மீனைப் பார்த்து, தன் ஊர்க் குளிர்க்கரையின் மீனை நினைத்து வைத்த பெயர். பெயர் கடலைத் தாண்டி ஒரு திசையில் போயிற்று. அண்ணன் அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்தப் பழைய கதை அவருக்குத் தெரியாது. நான் பிற்பாடு சொன்னபோது சிரித்துவிட்டு, "அப்ப கணக்குச் சரி" என்றார்.

உருவகம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அது இங்கே நடந்திருக்கிறது என்பது என் கட்சி. ஒன்று மற்றொன்றின் பெயரை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அழகுக்காக நடந்ததல்ல இது. குளிரில் மரத்த கையில் ஒரு மீன் நெளிகிறது. அதற்கு ஒரு பெயர் வேண்டும். கை தன்னிடம் இருந்த பெயரைக் கொடுத்துவிட்டது. அந்தப் பெயருக்குள் ஒற்றுமையும் இருக்கிறது, ஒற்றுமை இல்லை என்ற அறிவும் இருக்கிறது, நடுவில் கிடக்கிற தூரமும் இருக்கிறது. இவ்வளவையும் நம் கடல் கவிதைகள் பல பக்கங்களில் சொல்ல முயன்று தோற்கின்றன. தேவை என்று ஒன்று இல்லாத இடத்தில் உவமை வெறும் அலங்காரமாகிவிடுகிறது. அனுபவம் அதிகமா குறைவா என்பதல்ல கேள்வி. சொல்லாமல் தீராது என்ற நெருக்கடி கைக்கு வந்ததா என்பதுதான்.

இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் லண்டனில் ஓர் இலக்கியக் கூட்டத்தில், இழந்த கடலைப் பற்றிப் பேசும்படி அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் பத்து நிமிஷம் நீரேற்றத்தைப் பற்றிப் பேசினார். ஒரு முழம் ஏறும் கடலுக்கும் ஆறு மீட்டர் ஏறும் கடலுக்கும் தூண்டில் எப்படி மாற வேண்டும், ஈயத்தின் எடை எப்படி மாற வேண்டும் என்று. சபையில் ஏமாற்றம் வெளிப்படையாகவே தெரிந்தது. கடைசியில் ஒருவர் எழுந்து, நாங்கள் கேட்க விரும்பியது உங்கள் வலியைப் பற்றி என்றார். "வலியோ? தோள்மூட்டில இருக்குது, எறிஞ்செறிஞ்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். சிலர் சிரித்தார்கள். அவர் வேடிக்கையாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

புலம்பெயர்ந்தவனிடம் நாம் எதிர்பார்க்கும் சொற்கள் முன்கூட்டியே தயாராக இருக்கின்றன. அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே இழப்பு, வேர், நிலம், கடல் எல்லாம் மேஜைமேல் எடுத்து வைத்தாயிற்று. அவன் செய்ய வேண்டியதெல்லாம் அவற்றை எடுத்துக் கொடுப்பதுதான். கொடுத்தால் கைதட்டல். இது ஒரு வகை இலக்கியப் பேராசை. ஒருவனுடைய துக்கம் நமக்குத் தெரிந்த உருவத்தில் வர வேண்டும் என்று கேட்பது, அவனிடம் அது வேறு உருவத்தில் இருப்பதைப் பார்க்க மறுப்பது. நரம்பு துடிக்க வேண்டும் என்று நாம் காத்திருக்கிறோம்.

அவர் 2018இல் மயிலிட்டிக்கு ஒரு தடவை போய்வந்தார். துறைமுகத்தில் ஒரு காலை நேரம் நின்றிருக்கிறார். தூண்டில் கொண்டுபோகவில்லை. அந்தப் பயணத்தைப் பற்றி என்னிடம் சொன்னது ஒரே ஒரு விஷயம்: "அங்க இப்ப என்னை ஆருக்கும் தெரியாது. மீனின்ர பேருகள் மட்டும் அப்பிடியே கிடக்கு." அவருடைய மகளுக்கு மீன் என்றால் மீன், வகைப்பெயர்கள் ஆங்கிலத்தில்தான் வரும், அதுவும் கடைக்கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவை மட்டும். கிழங்கான் என்ற சொல் அந்தக் குடும்பத்தில் அவரோடு முடிந்துவிடும். அவர் அதைப் புலம்பவில்லை. டஞ்சனெஸ்ஸில் ஒரு மீனுக்கு அந்தப் பெயரைக் கொடுத்து வேலை வாங்குகிறார். வீட்டில் அந்த மீனை அவர் மனைவி தேங்காய்ப்பாலில் சொதி வைக்கிறார். சொதிக்குக் கிழங்கான்தான் சரி என்று அவர் சொல்லும்போது எந்த மீனைச் சொல்கிறார் என்று யாரும் கேட்பதில்லை.

நெய்தல் திணைக்கு எற்பாடு பொழுது, இரங்கல் உரிப்பொருள் என்று படித்திருக்கிறோம். பொழுது சாய்வதும் பிரிந்தவள் இரங்குவதும் சேர்ந்தால் நெய்தல் என்று சூத்திரமாக நினைவில் தங்கிவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு சங்கக் கடலும் ஒரு படிமக் கடல்தான் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். குறுந்தொகையின் 269ஆம் பாட்டை அவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். காதலனுக்கு ஒரு சேதி போக வேண்டும்: இப்போது வந்தால் நல்லது. ஏன் இப்போது? சுறா தாக்கிய புண் ஆறி அப்பா மறுபடி கடலுக்குப் போய்விட்டார். அம்மா உப்பைக் கொடுத்து நெல் வாங்கிவர உப்பளத்துப் பக்கம் போயிருக்கிறாள். வீடு தனிமை. காதலின் நேரத்தைத் தீர்மானிப்பது சூரியனுமில்லை நிலவுமில்லை, ஒரு பரதவனின் உடம்புப் புண் ஆற எடுத்துக்கொண்ட நாட்கள். அந்தப் புண் கவிதையில் குறியீடு இல்லை. அது ஆறியிருக்காவிட்டால் சேதி போயிருக்காது. வேலை இப்படி உள்ளே வந்து கவிதையைத் தாங்கிக்கொண்டிருப்பதால்தான் அங்கே கடலுக்குக் கனம் இருக்கிறது. எழுதியவர் மீன் பிடித்தாரா என்று நாம் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. மீன் பிடிக்கிறவனின் நாட்காட்டி அவருக்குத் தெரிந்திருந்தது. அது போதும்.

காட் மீனைப் பற்றி ஒன்று சொல்ல மீதி இருக்கிறது. நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் அதைப் பிடிப்பதற்கு 1992இல் தடை போட்டார்கள். ஐந்து நூற்றாண்டாக நடந்துவந்த தொழில் ஒரு கோடையில் நின்றது. வடகடலில் அதன் எண்ணிக்கை தேறிவிட்டது என்று 2017இல் நற்சான்று கொடுத்தார்கள். 2019இல் அந்தச் சான்றை நிறுத்திவைத்தார்கள். அதிகமாகப் பிடித்தது ஒரு காரணம். கடல் சூடாகிவருவது இன்னொன்று; குளிர்நீரை விரும்பும் மீன் அது, வடக்கே போகிறது. டஞ்சனெஸ் கரையில் ஒரு காலத்தில் குளிர்கால ராத்திரிகளில் தோளுக்குத் தோள் ஆட்கள் நின்று காட் பிடித்திருக்கிறார்கள். அண்ணனே 2000த்தின் ஆரம்பத்தில் பன்னிரண்டு பவுண்டு எடையில் ஒன்று பிடித்திருக்கிறார். அதற்குப் பிறகு வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. இப்போது வரும் இளைஞர்களில் பலர் காட் பிடித்ததில்லை. நரம்பு தொய்ந்தால் எழும்ப வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும்; சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் தொய்வதை அவர்கள் விரல் உணர்ந்ததில்லை.

குறி மிஞ்சியிருக்கிறது, அது குறித்த பொருள் போய்க்கொண்டிருக்கிறது. இது ஒரு மீனுக்கு மட்டும் நேர்வதல்ல. திணை, பொழுது, வாடை, எற்பாடு என்று நம்மிடம் இருக்கும் எத்தனையோ சொற்களுக்குப் பின்னால் ஒரு காலத்தில் இப்படி விரல்கள் இருந்திருக்கும். கையிலிருந்து நழுவியபின் ஒரு சொல் கவிஞர்களிடம் வந்துசேர்கிறது. அவர்கள் அதை அழகாகத் துடைத்து வைத்துக்கொள்கிறார்கள். நம் புதுக்கவிதையின் கடலும் இப்படி வந்துசேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன். மீனவனுக்குப் பிறந்திருக்க வேண்டும் என்ற வாதத்தை நான் ஏற்காததும் இதனால்தான். பிறப்பால் மீனவரான ஒருவரே பாதியை மறந்துவிட்டு வேறொரு கடலைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. கற்றதன் அத்தாட்சியாக அவரிடம் இருப்பது மஞ்சள் கறை படிந்த விரல்களும், இடம் மாறி வந்து உட்கார்ந்துகொண்ட ஒரு மீன் பெயரும். ஒரு கவிதையிடமும் நான் இதற்கு மேல் எதிர்பார்ப்பதில்லை. இதற்குக் குறைவாக இருந்தால் எடுத்துக்கொள்ளவும் மனம் வருவதில்லை.